எச்.ஐ.வி. மருந்து மாற்றத்தில் ஏற்படும் தாமதத்தை நீக்கக் கோரும் மனு

சுகாதார சேவைகள் பணிப்பாளர் நாயகம் அவர்கள்,
சுகாதார அமைச்சு, சுவசிரிபாய, கொழும்பு 10.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மணி,

நான் கொட்டாஞ்சேனையில் தையல் வேலை செய்பவள். பெயரும் கிளினிக் இலக்கமும் ஒட்டிய தனி உறையில் உள்ளன. காரணம் தாங்கள் அறிவீர்கள்.

மருந்து இலவசம், அதில் குறையில்லை. எஃபாவிரென்ஸ் கலந்த குளிசையைப் பல வருடங்கள் குடித்தேன். இரவில் தலை சுற்றும். செத்த உறவுகள் கனவில் வந்து பேசுவார்கள். காலையில் ஊசியில் நூல் கோர்க்கக் கை தடுமாறும். ஆனாலும் ஒருநாள் தவறவிடவில்லை. பஸ்ஸில் போத்தல் குலுங்கிச் சத்தமிடாமல் பஞ்சு அடைத்தே கொண்டுவருவேன்.

தை மாதம் எடுத்த இரத்தத்தின் வைரஸ் அளவு முடிவு சித்திரை வருடப்பிறப்புக்குப் பிறகே வந்தது. மில்லிலீற்றருக்கு 1,000 பிரதிகளைத் தாண்டியிருந்தது; அதாவது, வைரஸ் அடங்கவில்லை. ஒழுங்காகக் குடிக்கிறீர்களா என்று சிங்களத்தில் கேட்டார்கள். நான் திணறியதை, மருந்தைத் தவறவிட்டதாகவே எழுதிவிட்டார்கள். (அருகில் இருந்த நோயாளி மொழிபெயர்க்க முன்வந்தார். என் நோய் அவர் வாயில் எதற்கு என்று மறுத்துவிட்டேன்.) பிறகு ஆலோசனை, மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனை, அதன் முடிவுக்கு மீண்டும் காத்திருப்பு. வைத்தியர் நல்லவர்; காகிதம் வராமல் அவரும் கையைப் பிசைந்தார். கார்த்திகையில்தான் மருந்து மாறியது.

அரைகுறையாக அடக்கும் மருந்துக்கு வைரஸ் பழகிவிடுகிறது. எஃபாவிரென்ஸுக்குப் பழகியது பெரும்பாலும் அதே வகை மருந்தான நெவிரப்பினுக்கும் அடங்காது. உலக சுகாதார ஸ்தாபனம் 2019 இலேயே டொலுடெகிராவிர் என்ற வேறு வகை மருந்தை முதல் தெரிவாக்கியது. எஃபாவிரென்ஸ் வகை மருந்தில் இருப்பவருக்கு 1,000க்கு மேற்பட்ட ஒரு முடிவைக் கொண்டே மாற்றத்தைப் பரிசீலிக்கலாம் என்கிறது அதன் 2021 வழிகாட்டி. என்னிடம் இரண்டு கேட்டார்கள்.

ஆகவே, வைரஸ் அளவு முடிவு இத்தனை நாளுக்குள் வரவேண்டும் என்று எழுத்தில் எல்லை வையுங்கள். தவறினால் கிளினிக்கே நோயாளிக்குச் சொல்லட்டும். பழைய மருந்தில் எஞ்சியிருப்போரை, முடிவு கெடும்வரை வைத்திராமல், வைத்தியர் தகுதி கண்டால் மாற்ற அனுமதியுங்கள். ஆலோசனையைத் தமிழில், தனியறையில் தாருங்கள். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவருக்கு டொலுடெகிராவிர் நாளுக்கு இருவேளை தேவை. கொள்வனவில் அந்த மேலதிகக் குளிசையையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

பதிலை அமைச்சின் முத்திரையிட்ட உறையில் என் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். தபால்காரர் அதை வீட்டுக்காரம்மாவிடம்தான் கொடுப்பார். கிளினிக் இலக்கத்துக்கு அனுப்பினால் அடுத்த திகதியில் பெற்றுக்கொள்வேன்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
கிளினிக் நோயாளி