நான் கூப்பிட்ட அப்பு

கோண்டாவில்,
ஆவணி மாதக் கடைசி

அன்புள்ள மகனுக்கு,

உன் சின்னவள் சுகமாக வந்து சேர்ந்துவிட்டாள் என்ற மெசேஜ் கிடைத்தது. பனங்கட்டிக் குட்டான் நசியாமல் வந்ததா என்று நீ சொல்லவில்லை. அப்பாவுக்கு முழங்கால் நோவு கொஞ்சம் பரவாயில்லை.

இதை ஃபோனில் சொல்ல எனக்கு வராது. ஃபோனில் என்றால் நீ நாலு தரம் "ஓம் அம்மா" சொல்லி முடித்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். ஆறுதலாக இருந்து வாசி.

2003 ஞாபகம் இருக்கிறதா? உனக்குப் பதினாறு வயது. கனடாவில் பகலில் பள்ளிக்கூடம், இரவில் காஸ் ஸ்ரேசன் என்கிற பெற்றோல் கடையில் வேலை. நான் விடியற்காலையில் சந்தியில் இருந்த ரெலிபோன் கடையில் போய் நிற்பேன். லைன் தெளிவாக இருக்காது. நிமிடத்துக்குக் காசு ஏறுகிற பதற்றத்தில் "அப்பு, கேக்குதோ? அப்பு, சாப்பிட்டியோ?" என்று கத்துவேன். ஒருநாள் நீ குரலைத் தணித்துக்கொண்டு, "அம்மா, இனி என்னை அப்பு எண்டு கூப்பிடாதேங்கோ. பேரைச் சொல்லுங்கோ" என்றாய். ஏன் என்று கேட்டேன். "சும்மாதான்" என்றாய்.

அன்றைக்கு ரெலிபோன் கடையில் இருந்து வீடு வரைக்கும் சைக்கிளை உருட்டிக்கொண்டே வந்தேன், ஏறி மிதிக்கவில்லை. என் தகப்பனாரை நாங்கள் அப்பு என்றுதான் கூப்பிட்டோம். நீ பிறப்பதற்கு மூன்று மாதம் முன்புதான் அவர் கண்ணை மூடினார். உன்னைக் கையில் வாங்கியபோது ஆச்சி முதலில் சொன்ன சொல் "அப்பு வந்திட்டார்". அந்தப் பெயர் உனக்கு வெட்கமாகப் போய்விட்டது என்று நினைத்தேன். கனடா போனதும் பிள்ளை எங்களை உதறுகிறான் என்று உன் அப்பாவிடம் சொல்லி அழுதும் இருக்கிறேன். இது நடந்து இருபத்திரண்டு வருடம்.

இந்தத் தடவை நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த சின்னவள்தான் காரணத்தைச் சொன்னாள், அதுவும் தற்செயலாக. மத்தியான வெயிலில் விறாந்தையில் படுத்துக்கொண்டு அவள் ரப்லெற்றில் ஒரு கார்ட்டூன் பார்த்தாள். மஞ்சள் நிற மனிதர்கள். நானும் பக்கத்தில் பாயைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். முன்வீட்டுப் பெடியனை நான் "அப்பு, அந்தக் கேற்றைச் சாத்திப் போட்டுப் போ" என்று கூப்பிட்டதும் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்பம்மா, அந்த ஆள்தான் இவர்" என்று திரையைக் காட்டினாள். கார்ட்டூனில் வரும் இந்தியக் கடைக்காரர், அவருக்கும் பெயர் அப்பு. எனக்கு அப்போதுதான் விளங்கியது.

பிறகு நாங்கள் இரண்டு பேரும் இரண்டு கிழமை உட்கார்ந்து 'த சிம்ப்சன்ஸ்' பார்த்தோம். உன் அப்பா கேலி செய்தார், பரவாயில்லை. இந்த வீட்டுக்கும் அந்தக் கார்ட்டூனுக்கும் ஒரு வேடிக்கையான கணக்கு இருக்கிறது, கேள். நீ பிறந்த 1987இல்தான் அந்தக் கார்ட்டூன் குடும்பம் வேறொரு நிகழ்ச்சிக்கு இடையில் வரும் துண்டுக் காட்சிகளாக முதலில் வந்ததாம். 1989 மார்கழியில் அரை மணி நேரத் தொடராகியது. கடைக்கார அப்பு வந்தது 1990 மாசியில். அதே வருடம் ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கி, எங்களுக்குக் கரண்டே இல்லாமல் போயிற்று. அப்பா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, நீ பெடலைச் சுற்ற, டைனமோவில் றேடியோச் செய்தி கேட்டோமே, அந்தக் காலம் முழுக்க அங்கே இவர்கள் சிரிப்புக் காட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். 1995இல் அந்த ஊர்ப் பணக்காரர் பேர்ன்ஸை யார் சுட்டது என்று ஒரு கோடைகாலம் முழுக்க அமெரிக்கா யோசித்ததாம். அதுவும் 'டாலஸ்' என்ற பழைய தொடரில் ஒருவரைச் சுட்டதைப் பார்த்துச் செய்த பகிடியாம். அந்த ஐப்பசிக் கடைசியில் நாங்கள் சண்டைக்குப் பயந்து ஊரைவிட்டு இடம்பெயர்ந்து, நாவற்குழிப் பாலத்தில் மழையில் நின்றோம். எட்டு வயது உன்னை அப்பா தோளில் வைத்திருந்தார்.

அந்தக் கார்ட்டூனில் பாதிச் சிரிப்பு இன்னொன்றைத் தெரிந்தவர்களுக்குத்தான். எலி பூனையைத் திரும்பத் திரும்ப வெட்டிக் கொல்லும் ஒரு கார்ட்டூன் அதற்குள்ளேயே வருகிறது. அது 'ரொம் அன்ட் ஜெரி'யை நக்கலடிப்பது. எனக்கு அது உடனே பிடிபட்டது, நீ கண் இமைக்காமல் பார்த்ததுதானே. கிழவர் பேர்ன்ஸ் தன் சின்ன வயதுக் கரடிப் பொம்மையைத் தேடி உருகும் கதைக்கும் சின்னவள் சிரித்தாள். அது 1941இல் வந்த 'சிற்றிசன் கேன்' படத்தின் சாயல் என்று அவளே சொன்னாள். படத்தைப் பார்த்தாயா என்றேன். இல்லையாம். கார்ட்டூனைப் பார்த்துத்தான் அப்படி ஒரு படம் இருப்பது தெரியுமாம்! முதலில் எனக்கு இது ஒரு மாதிரித்தான் இருந்தது. பிறகு யோசித்தால் நாங்களும் அப்படித்தான். எங்கள் ஒழுங்கையில் ஒரே ஒரு றேடியோ. பக்கத்து வீட்டு அண்ணாமார் இட்டுக்கட்டிப் பாடின கேலிப்பாட்டுத்தான் எங்களுக்கு முதலில் பாடம். உண்மையான சினிமாப் பாட்டைப் பல மாதம் கழித்துக் கேட்டபோது யாரோ பிழையாகப் பாடுகிறார்கள் என்று நினைத்தேன்.

பதிலுக்கு நானும் அவளுக்கு எங்கள் பகிடியைக் காட்டினேன். கே. எஸ். பாலச்சந்திரன் பஸ் கொண்டக்ரராகத் தனி ஆளாய் நின்று நடித்த 'அண்ணை றைற்'றைப் போட்டுவிட்டேன். நானும் அப்பாவும் கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறோம், அவள் எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள். கொண்டக்ரர் என்றால் கச்சேரிக்கு முன்னால் குச்சி ஆட்டுகிறவர் என்று நினைத்தாளாம். உங்கள் ஊர் பஸ்ஸில் ரிக்கற் கிழிக்க ஆள் இல்லை, அவள் என்ன செய்வாள். நூலகம் இணையத்தளத்தில் பழைய 'சிரித்திரன்' பகிடிச் சஞ்சிகையை எடுத்து, சுந்தர் கீறின மிஸிஸ் டாமோடிரன் கார்ட்டூனையும் காட்டினேன். தாமோதரன் எப்படி டாமோடிரன் ஆனார் என்று விளக்கி முடிக்கக் கால்மணி நேரம் போனது. விளக்கின பிறகு நானே சிரிக்கவில்லை.

சரி, அப்புவுக்கு வருகிறேன்.

நான் பேராதனையில் படித்தபோது சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'யைத் திரையிட்டார்கள். நாணல் பூத்த வெளியில் அக்காவும் தம்பியும் றெயில் பார்க்க ஓடுவார்கள். அந்தத் தம்பியின் பெயர் அபு. கார்ட்டூன் கடைக்காரருக்கு அவன் பெயரைத்தான் வைத்தார்களாம், ராய்க்கு மரியாதையாக. பெயரைக் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. குரல் வந்த வழி வேறு. குரல் கொடுத்தவர் ஹாங்க் அசாரியா, வெள்ளைக்காரர். அவர் மனதில் வைத்திருந்தது, 1968இல் ஒரு படத்தில் பீற்றர் செல்லர்ஸ் முகத்துக்கு நிறம் பூசி இந்தியனாக நடித்ததை. வெள்ளைக்காரர் ஒருவர் செய்த நக்கலை இன்னொரு வெள்ளைக்காரர் பார்த்துச் செய்த நக்கல். அதை வகுப்பில் ஒரு பெடியன் பழகிக்கொண்டு வந்து, காஸ் ஸ்ரேசன் கவுண்டரில் உன்னிடம் அந்தக் கடைக்காரர் மாதிரியே "தாங்க் யூ, கம் அகெய்ன்" என்று சொல்லியிருப்பான். அந்த நேரம் பார்த்து ரிசீவருக்குள் இருந்து நான் "அப்பு! அப்பு!" என்று கத்தியிருக்கிறேன். நீ எப்படித் தாங்கினாய்?

ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன், அந்த ஆள் எனக்குப் பிடித்துப்போனார். கொம்பியூட்டரில் டொக்டர் பட்டம் எடுத்துவிட்டுக் கடையில் நிற்கிறார். அப்படி எத்தனை பேரை எங்கள் ஆட்களிலேயே எனக்குத் தெரியும். 1996 வைகாசியில் வந்த ஒரு கதையில் அவர் குடியுரிமைச் சோதனைக்குப் போகிறார். அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு என்ன காரணம் என்று கேட்கிறார்கள். அவர் பொருளாதாரம் அது இது என்று விரிவாகத் தொடங்க, அதிகாரி இடைமறித்து, அடிமைமுறை என்று மட்டும் சொன்னால் போதும் என்கிறார். அதிலே நான் சிரித்தேன், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. உன் அகதி விசாரணைக்கு முதல்நாள் லோயர் உனக்குச் சொன்னதும் அதுதானே, "சுருக்கமாய்ச் சொல்லு தம்பி" என்று. நாங்கள் இடம்பெயர்ந்து போயிருந்த தென்மராட்சியில் இருந்து திரும்பி வந்து, கதவில்லாத வீட்டைக் கூட்டிப் பெருக்கின நாட்களில் வந்த பகிடி அது.

2017இல் ஹரி கொண்டபோலு என்ற நகைச்சுவைக்காரர் இந்த அப்புவைப் பற்றியே ஒரு ஆவணப்படம் எடுத்தார். அடுத்த வருடம் கார்ட்டூனிலேயே அந்தக் கெட்டிக்காரச் சிறுமி லீசா, முன்பு எல்லாரும் ரசித்தது இப்போது பிழையாகிவிட்டால் என்ன செய்வது என்று எங்களைப் பார்த்துக் கேட்டுவிட்டு, கட்டிலருகே இருந்த அப்புவின் படத்தைப் பார்க்கிறாள். அது எனக்குப் பிடிக்கவில்லை. மற்றவர்களை எல்லாம் நக்கலடித்துவிட்டு, தங்கள் முறை வந்ததும் கையை விரிப்பதா? அசாரியா அப்படிச் செய்யவில்லை. 2020இல் இனி அந்தக் குரலைச் செய்யமாட்டேன் என்றார், அடுத்த வருடம் மன்னிப்பும் கேட்டார்.

இதை எழுதும்போது எனக்கும் ஒன்று குத்துகிறது. இதுவரை உன்னிடம் சொன்னதில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில், நான் படிப்பித்த பள்ளிக்கூடத்தில் பரிசளிப்பு விழாவுக்கு ஒரு நாடகம் எழுதினேன். அதில் ஒரு வேலைக்காரப் பையன், மலையகத்து ஆள். அவன் பேச்சை நானே ராகம் போட்டு இழுத்து இழுத்துப் பழக்கினேன். மண்டபம் அதிர்ந்தது. பின்வரிசையில் பதுளைப் பக்கமிருந்து வந்து படித்த ஒரு பிள்ளை இருந்தாள். அவள் பின்னலின் ரிபனை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். பக்கவாட்டில் நின்ற எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. அடுத்தநாள் அவளைக் கூப்பிட்டு ஒன்றும் கேட்கவில்லை. "சும்மாதான் ரீச்சர்" என்றுதான் அவளும் சொல்லியிருப்பாள்.

போகிற அன்று சின்னவள் கேட்டாள், "அப்பம்மா, இனி அப்பாவை எப்பிடிக் கூப்பிடப் போறியள்?" வான்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டு நின்றான், நான் பையைத் தூக்கி வைக்கிற சாட்டில் பேசாமல் இருந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எடுக்கிறேன். ஸ்பீக்கரில் போடாதே.

அன்புடன்,
அம்மா