நன்றிக் கடிதத்தில் எழுதாமல் விட்டது

பல்கலைக்கழக அறக்கட்டளை நிதிகளைப் பார்த்துக்கொள்ளும் அறங்காவலர்களுக்கு,

வணக்கம். படித்த காலத்தில் ஆண்டுக்கொரு நன்றிக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். என் கட்டணத்தைக் கட்டிய நிதியை ஏற்படுத்தியவர் நான் பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டார். கடிதம் அவர் குடும்பத்துக்குப் போகும். அலுவலகத்திலேயே மாதிரி ஒன்று தருவார்கள்: எதிர்காலக் கனவு ஒரு பத்தி, நன்றி ஒரு பத்தி. குறை எதுவும் கூடாது. கடிதம் வராவிட்டால் அடுத்த தவணையும் வராது. அதில் எழுதாமல் விட்டதை இப்போது உங்களுக்கு எழுதுகிறேன்.

இரண்டாம் ஆண்டில் என் மூக்குக்கண்ணாடி உடைந்தது. உதவித்தொகை கட்டணத்துக்கு மட்டும்தான். ஒரு பருவம் முழுக்கக் கண்ணாடியின் ஒரு பக்கத்தை நூலால் காதில் கட்டிக்கொண்டு, குனிந்தால் விழுந்துவிடுமே என்று நிமிர்ந்தபடியே குறிப்பெடுத்தேன். அதே ஆண்டு எங்கள் துறை வாசலில் நீரூற்று ஒன்று எழும்பியது. அதுவும் நன்கொடைதான். நீரூற்றுக்கென்றே வந்த பணம், வேறெதற்கும் தொடக்கூடாது என்றார் எழுத்தர். அவர் சொன்னதில் பொய்யில்லை.

உங்கள் கட்டுப்பாடு எனக்குப் புரியாமல் இல்லை. அசலைக் காப்பாற்ற வேண்டும். ஆண்டுக்கு நூற்றுக்கு நாலோ ஐந்தோ எடுத்துச் செலவழிக்க வேண்டும். இன்னும் பிறக்காத மாணவருக்கும் மிச்சம் வைக்க வேண்டும். ஹார்வர்டின் நிதி 2024இல் 5,300 கோடி டாலரைத் தாண்டியது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மலை. உள்ளே அது 14,000க்கும் மேற்பட்ட தனித்தனி நிதிகள். பெரும்பாலானவற்றுக்கு நன்கொடையாளர் விதித்த நிபந்தனை உண்டு. 2008–09 நிதி நெருக்கடியில் அதன் மதிப்பு கால்பங்குக்கு மேல் சரிந்தபோது, இளநிலை மாணவர் விடுதிகளில் வாரநாள்களின் சூடான காலைச் சிற்றுண்டியை நிறுத்தினார்கள். அதனால் யாரும் செத்துப்போகவில்லை, சரி. ஆனால் பங்குச் சந்தையில் விழும் அடி கடைசியில் யார் தட்டில் வந்து நிற்கிறது என்று தெரிந்துபோயிற்று.

நியூயார்க்கின் கூப்பர் யூனியன் என்ற கல்லூரி நூறாண்டுக்கும் மேலாக யாரிடமும் கட்டணம் வாங்காமல் நடந்தது. அந்நகரின் பேர்பெற்ற வானுயர் கட்டடமான கிறைஸ்லர் கட்டடம் நிற்கும் நிலமே அதற்குச் சொந்தம். அப்புறம் 17.5 கோடி டாலர் கடன் வாங்கிப் புதுக் கட்டடம் எழுப்பினார்கள். அந்தக் கடனும் ஒரு காரணமாக, 2014இல் கட்டணம் உள்ளே வந்தது. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்துப் பெரியா கல்லூரியோ 1892இலிருந்து கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. அங்கே அறக்கட்டளை வருமானம் முதலில் போய்ச் சேருவது படிப்புச் செலவுக்கு. மாணவர்களும் வளாகத்தில் ஆளுக்கொரு வேலை செய்கிறார்கள். பணம் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, அது எதற்காக என்று தொடக்கத்தில் யார் முடிவு செய்தார் என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அதனால் நன்கொடையாளர் கையெழுத்துப் போட உங்கள் எதிரே உட்காரும் அந்த அரை மணி நேரத்தைப் பற்றித்தான் கேட்கிறேன். அவர் மனம் கோணுமோ என்று நீங்கள் பேசாமல் இருந்துவிடுகிறீர்கள். பத்திரத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: குறித்த காரியத்துக்குத் தேவைப்படாத ஆண்டில் இந்த வருமானம் மாணவர்களின் அவசரத் தேவைக்குப் போகலாம் என்று. பெரும்பாலோர் மறுக்கமாட்டார்கள் என்றே நினைக்கிறேன்; அவர்களிடம் யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். இறந்தவர்களின் நிபந்தனை நடைமுறைக்கு ஒவ்வாமல் போனால், நீதிமன்றம் வழியாக அதை மாற்றப் பல நாடுகளில் சட்டம் இடம் தருகிறது. நேரம் பிடிக்கும் வேலை, தெரியும்.

நன்றிக் கடிதத்தை நிறுத்தச் சொல்லவில்லை. தவணையோடு முடிச்சுப் போடாதீர்கள். அடியில் ஒரே ஒரு கேள்வி சேருங்கள்: ‘இந்தப் பணம் எதற்குப் போதவில்லை?’ அந்தத் தாளை நன்கொடையாளர் வீட்டுக்கும் அனுப்பிவிடுங்கள். என்னைக் கேட்டிருந்தால் ஒரே சொல்லில் எழுதியிருப்பேன்: கண்ணாடி.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் மாணவன்