தற்காலிகக் கடல்மீன் தொட்டிகளும் வடிகட்டியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் மேம்பாட்டுப் பணிகள் நடக்கும்போதும், வீடு மாறும்போதும், கண்ணாடித் தொட்டியில் திடீரெனக் கசிவு ஏற்படும்போதும், கடல்மீன் வளர்ப்போர் மீன்களைச் சில நாள்களுக்கு ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்கு மாற்ற நேரிடுகிறது. அவசரத்தில் பலர் கடையிலிருந்து புது வடிகட்டியை வாங்கிப் பொருத்திவிட்டு, நீர் தெளிவாக இருப்பதைப் பார்த்து நிம்மதி அடைகிறார்கள். ஓரிரு நாள்களில் மீன்கள் இறந்துவிடுகின்றன. இந்த உயிரிழப்பைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம் என்பதாலேயே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

மீன்கள் வெளியேற்றும் அமோனியா கண்ணுக்குத் தெரியாது. அதை நைட்ரைட்டாகவும், பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுபவை வடிகட்டியின் பஞ்சிலும் செராமிக் வளையங்களிலும் பாறைகளிலும் ஒட்டி வாழும் பாக்டீரியாக்களே. புது வடிகட்டியில் அவை போதிய அளவு பெருகப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். கடல்நீரின் கார அமிலக் குறியீடு (pH) 8.2 அளவில் இருப்பதால் அமோனியாவின் நச்சு வடிவம் நன்னீரில் இருப்பதைவிடப் பல மடங்கு கூடுதலாக இருக்கும் என்பதையும், அதே வெப்பநிலையில் கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவான உயிர்வாயுவையே தாங்கும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், நம் ஊர் வெப்பத்தில் தாமதத்துக்கு இடமில்லை என்பது விளங்கும்.

எனவே பழைய தொட்டியின் பஞ்சையும் வளையங்களையும் பாறைகளையும் ஈரம் காயாமல் புதுப் பெட்டிக்கு மாற்றி, உடனே காற்றுப் பம்பை இயக்க வேண்டும். அழுக்காக இருக்கிறதே என்று பஞ்சைக் குழாய்நீரில் அலசிவிடக் கூடாது. சிங்கப்பூர்க் குழாய்நீரில் உள்ள குளோரமின் (குளோரினும் அமோனியாவும் சேர்ந்த கிருமிநீக்கி) அந்தப் பாக்டீரியாக்களை அழித்துவிடும். தொட்டியிலிருந்து எடுத்த நீரில் இலேசாகப் பிழிந்தால் போதும். குளோரமின், குளோரினைப் போல ஓரிரவு திறந்து வைத்தால் போய்விடுவதுமில்லை. சோடியம் தையோசல்ஃபேட் சேர்த்தால் குளோரின் நீங்கினாலும் அமோனியா மிஞ்சும். ஆகவே அமோனியாவையும் கட்டுப்படுத்தும் நீர்ப் பதப்படுத்தியையே வாங்க வேண்டும்.

நன்னீர் மீன் வளர்ப்போர் அமோனியாவை உறிஞ்சப் பயன்படுத்தும் சியோலைட் கற்களைக் கடல்நீருக்கும் சிலர் பரிந்துரைக்கிறார்கள். உப்பிலுள்ள சோடியம் அக்கற்களில் இடம்பிடித்துக்கொள்வதால் அவற்றால் பயனில்லை. கரித்தூள் நிறத்தையும் வாடையையும் நீக்குமே தவிர, அமோனியாவை நீக்காது. உணவைப் பாதியாகக் குறைத்து, அமோனியாவை நாள்தோறும் சோதித்து, அது தென்பட்டால் ஒப்படர்த்தி (நன்னீருடன் ஒப்பிட்ட அடர்த்தி) 1.025 என்னும் அளவில் முன்கூட்டியே கலந்து வைத்த உப்புநீரால் கால் பங்கு நீரை மாற்றுவதே நம்பத்தக்க வழி. மின்சாரம் நிறுத்தப்படும் நாளுக்கெனப் பேட்டரியில் இயங்கும் காற்றுப் பம்பு ஒன்றும் வீட்டில் இருக்கட்டும்.

சமாளிக்க முடியாத நிலையிலும் மீன்களைக் கடலிலோ நீர்த்தேக்கத்திலோ விட்டுவிட வேண்டாம். வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம்.

மீன் கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். தங்கள் கடல்நீர்த் தொட்டிகளில் சில பஞ்சு வடிகட்டிகளை எப்போதும் இயக்கி வைத்து, அவசரத்தில் வரும் வாடிக்கையாளர்களுக்கு அவற்றை விற்கவோ இரவல் தரவோ முன்வர வேண்டும். நோயுற்ற மீன்கள் இருந்த தொட்டியின் பஞ்சை மட்டும் தவிர்த்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
கடல்மீன் வளர்க்கும் வாசகர்,
ஈசூன்