பெயின்டரைக் கூப்பிடுவதற்கு முன்: வாடகை வீட்டு உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வீட்டு உரிமையாளர்களே,

சுவர் ஓதம் காக்கிறது என்று குடியிருப்பவர் சொன்னதும் பெயின்டரைத்தான் அனுப்புகிறீர்கள். ஈரச் சுவரில் அடித்த பெயின்ட் கொப்புளித்து உரியும்; பணமும் போகும், ஓதமும் போகாது. நீர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள்.

அதற்குச் செலவே இல்லாத சோதனை ஒன்று உண்டு. ஈரம் தெரியும் இடத்தைத் துடைத்து உலர்த்தி, ஓரடிச் சதுர அலுமினியத் தாளை நான்கு ஓரமும் இடைவெளியில்லாமல் டேப் போட்டு ஒட்டுங்கள். 24 முதல் 48 மணி நேரம் விடுங்கள். தாளின் அறைப்பக்கம் வியர்த்திருந்தால் காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது. பிரித்துப் பார்க்கையில் சுவர்ப்பக்கம் நனைந்திருந்தால் நீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது. இதைப் பார்க்காமல், ஓதத்துக்குக் குடியிருப்பவரே காரணம் என்று அவருடைய முன்பணத்தில் கைவைப்பது அநியாயம்.

சுவருக்குள்ளிருந்து வந்தால், கறை இருக்கும் இடமே பாதி சொல்லிவிடும். தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்துக்குள் உப்புப் பூத்திருந்தால் பெரும்பாலும் நிலத்து ஈரம். வெளியே சுவரை ஒட்டி மண் குவிந்திருக்கிறதா பாருங்கள். குளியலறையின் மறுபக்கம் என்றால் டைல்ஸ் இடுக்கையும், தரை வடிகாலைச் சுற்றிய விளிம்பையும் பாருங்கள். எல்லாக் குழாயையும் மூடிய பிறகும் தண்ணீர் மீட்டர் ஓடினால் குழாயில் கசிவு. மழைக்குப் பின் மட்டும் நனைந்தால் மொட்டைமாடி அல்லது வெளிச்சுவர் விரிசல். கசிவை அடைத்த பிறகும் உப்பேறிய பூச்சை விட்டுவைக்காதீர்கள். அந்த உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். செங்கல் தெரியக் கொத்தியெடுத்து, புதிதாகப் பூசி, முழுக்க உலர்ந்த பின்பே ப்ரைமர்.

காற்று ஈரம்தான் காரணம் என்றால், "சன்னலைத் திறந்து வையுங்கள்" என்பதோடு உங்கள் பொறுப்பு முடியாது. ஒரு தடவை துவைத்த துணி அறைக்குள் காய்ந்தால் சுமார் இரண்டு லிட்டர் நீர் காற்றில் கலக்கும். துணி காயப்போட வெளியில் இடம் கொடுங்கள். குளியலறையிலும் சமையலறையிலும் எக்ஸாஸ்ட் ஃபேன் வையுங்கள். அதன் குழாய் பரணில் முடியாமல் வெளியே போக வேண்டும். குளியலறைக் கதவடியில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். உள்ளே காற்று வர வழியில்லாவிட்டால் ஃபேன் சும்மா சுற்றும். குளித்த பின் ஃபேன் 20 நிமிடம் ஓட வேண்டும். காற்றின் ஈரப்பதத்தைக் காட்டும் ஈரமானி ஒன்று மாட்டினால் அது 60 சதவீதத்தைத் தாண்டுகிறதா என்று இருவருக்குமே தெரியும்.

கசிவு என்று தகவல் வந்தால் அன்றே ஆள் அனுப்புங்கள். நனைந்த மரமும் ஜிப்சம் பலகையும் 48 மணி நேரத்துக்குள் உலராவிட்டால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிவிடும்.

இப்படிக்கு,
கட்டடப் பராமரிப்புப் பணியாளர்கள்