கோத்தகிரியிலிருந்து, புது லேப்டாப் விஷயமாக

கோத்தகிரி
டிசம்பர் 2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம். உன் வீட்டில் எல்லோரும் நலம்தானே? பெரியவனுக்குக் கோவையில் வேலை கிடைத்துவிட்டது. சின்னவள் அரையாண்டுப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். குளிர் வந்ததும் உன் தங்கச்சிக்கு முட்டிவலி கூடியிருக்கிறது. வீட்டுச் சேதி இவ்வளவுதான்.

புது லேப்டாப்பை ஓட்டும் அடிப்படை மென்பொருளாக எந்த விண்டோஸ் போடுவது, அல்லது இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸா என்று உன்னிடம் கேட்டிருந்தேன். "புதுசு எதுவோ அதைப் போடு, இதுக்கெல்லாம் ஒரு யோசனையா" என்று ஒரே வரியில் பதில் போட்டுவிட்டாய். நாம் அச்சுப் பிரஸ்ஸில் வேலை பார்த்தபோதும் இப்படித்தான், புரூஃப் பார்க்காமலே பிளேட்டுக்கு அனுப்பச் சொல்வாய். பத்மாவதி கல்யாணப் பத்திரிகையை நான் இன்னும் மறக்கவில்லை. நீயும் மறந்திருக்க மாட்டாய்.

புதுசு என்றால் எந்தப் புதுசு என்று சொல்லியிருக்க வேண்டாமா? கடைக்காரர் மேஜையில் வைத்த லேப்டாப்பில் விண்டோஸ் 11 ஹோம், 24எச்2 என்ற பதிப்பு இருந்தது. அடுத்த பதிப்பான 25எச்2 செப்டம்பர் கடைசியில் வந்துவிட்டது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவில் 25.10 புதுசு. அடுத்த ஏப்ரலில் 26.04 வரப்போகிறது. எல்லாமே புதுசுதான். எது எத்தனை நாள் தாங்கும், கம்ப்யூட்டரில் டைப் அடித்து அச்செடுக்கும் என் டிடிபி வேலைக்கு எது உதவும் என்பதுதான் என் கேள்வி.

என் பழைய லேப்டாப் உனக்குத் தெரியும். ஏழாம் தலைமுறை ஐ3, அதில் விண்டோஸ் 10. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு அதற்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு உண்டு. விண்டோஸ் 11 போடலாம் என்றால் இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் கணக்கு, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேறு வேண்டும். குறுக்கு வழியில் ஏற்றிக் காட்ட யூடியூபில் ஆள் நிறைய. ஆனால் என் கடை மெஷினில் ஓடுவது ஊர் ஜனங்களின் ஆதார் நகல், பட்டா நகல், பாஸ்புக் முதல் பக்கம். பச்சைத் தேயிலை விற்ற காசு விழும் கணக்கு எண்கள் அதில்தான் ஸ்கேன் ஆகின்றன. அவர்கள் நம்பிக் கொடுக்கிற காகிதம் அது. அந்த மெஷினில் குறுக்கு வழி கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

சரி, புதுசு வாங்கப் போனேன். அந்தக் கடைக்காரர், "ஹோம் எதுக்குங்க, புரோ போட்டுத் தர்றேன், லைசென்ஸ் கவலை வேண்டாம்" என்றார். கிராக் போட்ட புரோ! எனக்குக் கோபம் வந்துவிட்டது. காசு கொடுத்து வாங்கிய மெஷினோடு முறையான ஹோம் லைசென்ஸ் வருகிறது. அதை அழித்துவிட்டு, லைசென்ஸ் இருப்பதுபோல் ஏமாற்ற எவனோ எழுதிய ஆக்டிவேட்டரை உள்ளே விடுவதா? இத்தனைக்கும் புரோவில் கூடுதலாக இருப்பது என்ன? வெளியிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் உள்ளே வருவது, மெஷின்களுக்கு விதி போடும் குரூப் பாலிசி, டிஸ்க்கைப் பூட்டும் முழு பிட்லாக்கர், மெஷினுக்குள் இன்னொரு மெஷினை ஓட்டும் ஹைப்பர்-வி, ஆபீஸ் நெட்வொர்க்கான டொமைனில் சேர்ப்பது. என் டிடிபி கடையில் இதில் எதற்கு வேலை இருக்கிறது? ஹோம் போதும். உன் மருமகன் கம்பெனி மெஷின் என்றால் அது வேறு கதை.

ஸ்னாப்டிராகன் சிப் போட்ட ஒன்றையும் எடுத்துக் காட்டினார். பேட்டரி நன்றாக நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் அது இன்டெல் வகை இல்லை, ஏஆர்எம் என்ற வேறு வகைச் சிப். அதில் ஓடுவது ஏஆர்எம்-க்கான விண்டோஸ். சாதாரண புரோகிராம்களை எப்படியாவது ஓட்டிவிடும், இன்டெல்லுக்கு எழுதிய பிரிண்டர் டிரைவரை ஓட்டாது. ஏஆர்எம்-க்கென்று தனி டிரைவர் இல்லாத பழைய லேசர் பிரிண்டர் பெரும்பாலும் அதோடு பேசாது. எனக்குச் சோறு போடுவது அந்தப் பிரிண்டர். வேண்டாம் என்று சொல்லிவிட்டு இன்டெல்லே எடுத்தேன்.

இப்போது வெர்ஷன். 24எச்2 ஹோமுக்கு ஆதரவு 2026 அக்டோபர் 13 வரைக்கும்தான். தேதியைப் பார்த்தாயா? பழைய விண்டோஸ் 10-இன் நீட்டிப்பும் அதே நாளில்தான் முடிகிறது! 25எச்2-க்கு 2027 அக்டோபர் வரை உண்டு. இரண்டுக்கும் அடித்தளம் ஒன்றே. 24எச்2-வில் எல்லா அப்டேட்டும் ஏறியிருந்தால், மேலே ஒரு சின்னப் பொட்டலம் இறங்கி, ஒரு தடவை ரீஸ்டார்ட் ஆனதும் 25எச்2 ஆகிவிடுகிறது. பல ஜிபி இறக்க வேண்டியதில்லை. உனக்குத் தஞ்சாவூரில் ஃபைபர் இருக்கிறது, இந்த வித்தியாசம் உறைக்காது. இங்கே ஐப்பசி கார்த்திகை மழையில் ஒரு சீகை மரம் சாய்ந்தால் கரண்டும் இல்லை, நெட்டும் இல்லை. அப்புறம் போன் ஹாட்ஸ்பாட்தான். அதனால் முதல் வேலையாக வைஃபை அமைப்பில் போய் "மீட்டர்டு கனெக்‌ஷன்" என்பதை ஆன் செய்து வைத்தேன். பெரும்பாலான அப்டேட்டுகள் தானாக இறங்காமல் நிற்கும். லைன் நன்றாக இருக்கிற ராத்திரியில் நானே இறக்கிக்கொள்கிறேன்.

இன்னொன்று, இதை உன் மகளுக்கும் கட்டாயம் சொல். ஹோமில் முதல் தடவை ஆன் செய்யும்போதே நெட்டும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் கேட்கிறது. கணக்கில் நுழைந்ததும் டிஸ்க் முழுவதையும் தானாகவே பூட்டிவிடுகிறது, பெரும்பாலானவர்களுக்கு அது தெரிவதே இல்லை. திருடு போனால் நல்லதுதான். ஆனால் இங்கே இடி இறங்கி போர்டு போனால்? டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் போட்டால் மீட்புச் சாவி கேட்கும். நாற்பத்தெட்டு இலக்கம். அது இல்லையென்றால் ஒரு ஃபைலும் வராது. சாவி அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும், ஆனால் கணக்கின் பாஸ்வேர்டு யாருக்கு ஞாபகம்? கணக்கைத் திறந்து, ஆறு ஆறு எண்ணாக எட்டுக் கட்டத்தையும் நோட்டில் எழுதி, சின்னவளை விட்டுச் சத்தமாகப் படிக்கச் சொல்லி ஒத்துப் பார்த்தேன். இன்னொரு நகல் பத்திரப் பையில், வீட்டுப் பட்டாவோடு இருக்கிறது. நீயும் இன்றைக்கே செய்.

இவ்வளவு மண்டையைக் குடைந்துகொள்வதற்குக் காரணம் லேப்டாப் மட்டும் இல்லை, மாப்பிள்ளை. போன வாரம் ஒரு பையன் கடைக்கு வந்தான். பக்கத்து ஹட்டிக்காரன், அதாவது படுகர் ஊர்க்காரன், பெங்களூரில் வேலை. ஹெத்தை பண்டிகைக்கு ஊருக்கு வந்திருக்கிறான். "தாத்தா உங்க கடையில உட்கார்ந்து எழுத வெச்சாரே, அது இருக்கா?" என்று கேட்டான். நம் கௌடர் தாத்தாவின் பேரன். கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஓரத்து ஸ்டூலில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல, ஹெத்தையம்மன் கதைகளும், ஊர் வந்த வழியும், சாவு வீட்டில் பாடுகிறவையும் படுகு மொழியில், தமிழ் எழுத்தில் அடித்தேன். காசு வாங்கவில்லை, அவர் வெண்ணெய் கொண்டுவருவார். தாத்தா இப்போது இல்லை. அந்த வரிகள் வேறெங்கும் இல்லை. கையெழுத்துப் பிரதியே கிடையாது, அவர் வாயிலிருந்து நேராக என் விரலுக்கு வந்தவை.

ஃபைல்கள் இருக்கின்றன, எல்லாம் பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கரில். எல்லா மொழி எழுத்துக்கும் தனி எண் தரும் யூனிகோடு பேஜ்மேக்கர் 7-க்குத் தெரியாது. அந்தக் காலத்து எழுத்துருக்கள் எப்படி என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாமினியில் அம்மா என்று அடித்தால் உள்ளே இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். மேலே தமிழ் முகம், கீழே ஆங்கில விசை. எழுத்துரு போய்விட்டால் வெறும் குப்பை. விண்டோஸ் 11-இல் பழைய 32-பிட் புரோகிராம்கள் ஓடும் என்பதால் பேஜ்மேக்கரை ஓட்டிக்கொள்ளலாம். ஆனால் எத்தனை காலம்? இன்னும் பத்து வருஷம் கழித்து அந்தப் பையன் தன் பிள்ளைக்குப் படித்துக் காட்ட நினைத்தால், அப்போதைய மெஷினில் இது திறக்குமா? இதுதான் ராத்திரியில் என்னைத் தூங்கவிடவில்லை. நாம் அடித்துக் கொடுத்தது எத்தனை ஆயிரம் பக்கம்! கோயில் மலர்கள், சங்க அறிக்கைகள், யாரோ ஒருவர் வாழ்நாளில் எழுதிய ஒரே கவிதைத் தொகுப்பு. எல்லாம் இப்படி ஏதோ ஒரு எழுத்துருவை நம்பித்தான் உயிரோடு இருக்கின்றன.

அதனால்தான் பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போடவில்லை. அதில் லினக்ஸ் மின்ட் 22-ஐ, எக்ஸ்எஃப்சிஇ என்ற லேசான திரை அமைப்போடு போட்டேன். 4 ஜிபி ரேமில் நிம்மதியாக ஓடுகிறது. மின்ட் 22-க்கு அடித்தளம் உபுண்டு 24.04, 2024 ஏப்ரலில் வந்த எல்டிஎஸ், அதாவது நீண்ட நாள் ஆதரவுப் பதிப்பு. 2029 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். உபுண்டு 25.10 இதைவிடப் புதுசுதான், ஆனால் ஒன்பதே மாசம்தான் ஆதரவு, 2026 ஜூலையில் முடிந்துவிடும். "புதுசு எதுவோ அதைப் போடு" என்றாயே, அதனால்தான் உன்னோடு சண்டை. அதுவும் இந்த நெட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஒன்பது மாசத்துக்கும் யார் மாற்றுவது? எல்டிஎஸ்ஸில் புதுசு வேகமாக வராது, புது அலங்காரம் இல்லை. ஆனால் காலையில் கடை திறந்ததும் நேற்று விட்ட இடத்தில் இருக்கிறது. எனக்கு அதுதான் வேண்டும்.

அதில் லிப்ரே ஆபீஸ் இருக்கிறது. அது பேஜ்மேக்கர் ஃபைலைத் திறக்கும் என்று உனக்குத் தெரியுமா? பக்க அமைப்பு கொஞ்சம் குலைகிறது, வரிகள் வந்துவிடுகின்றன. எழுத்தை எடுத்து யூனிகோடுக்கு மாற்றி, வரி வரியாக ஒத்துப் பார்க்கிறேன். லினக்ஸின் தட்டச்சு வசதியான ஐபஸ்ஸில் எம்17என் என்ற தொகுப்பைப் போட்டால் தமிழ்99 விசைமுறையும் வருகிறது, நம் பழைய டைப்ரைட்டர் முறையும் வருகிறது. டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்த விரலுக்கு என்ன சுகம் தெரியுமா! விண்டோஸ் 11-இல் தமிழ்99 உள்ளேயே இருக்கிறது, அதுவும் நன்றாகவே ஓடுகிறது. லதா எழுத்துரு மட்டும் அதில் தானாக இருக்காது. ஆப்ஷனல் ஃபீச்சர்ஸில் போய் தமிழ்த் துணை எழுத்துருக்களைச் சேர்க்க வேண்டும். லதாவில் அடித்த பழைய மனு மாதிரிகளின் வரி அளவு மாறுகிறதே என்று யாராவது புலம்பினால் இதைச் சொல்.

ஆக, கடை வேலைக்கும் பிரிண்டருக்கும் புது லேப்டாப்பில் 25எச்2 ஹோம். தாத்தாவின் வரிகளுக்குப் பழைய லேப்டாப்பில் மின்ட். முடிவெடுத்துவிட்டேன், இனி மாற்ற மாட்டேன். உபுண்டு 26.04 வந்தாலும் உடனே ஓட மாட்டேன். எப்படியும் உபுண்டுக்காரர்களுக்கே எல்டிஎஸ்ஸிலிருந்து எல்டிஎஸ்ஸுக்கு மாறச் சொல்லும் அழைப்பு, முதல் திருத்தப் பதிப்பு வந்த பிறகுதான் வரும்.

இனி உன்னால் ஆக வேண்டிய காரியம். தாத்தாவின் ஃபைல்களில் பெரும்பகுதி பாமினி, அவை வந்துவிட்டன. கடைசிப் பகுதி, சாவு வீட்டுப் பாடல்கள், நாம் பிரஸ்ஸில் வைத்திருந்த அந்த இன்னொரு எழுத்துருவில் இருக்கிறது. பெரியவர் மெட்ராஸிலிருந்து சிடியில் வாங்கி வந்தாரே, மெல்லிய கோடு, "ழ" மட்டும் கொஞ்சம் சாய்ந்திருக்கும். எந்த கன்வெர்ட்டருக்கும் அதன் விசைக் கணக்குத் தெரியவில்லை. என்னிடம் இருந்த சிடி பூஞ்சை பிடித்துப் போயிற்று. உன் பரணில் பிரஸ் பெட்டி இருக்கிறதல்லவா, அதில் தேடு. எழுத்துரு கிடைத்தால் எந்த விசையில் எந்த எழுத்து என்று நானே அட்டவணை போட்டு மாற்றிவிடுவேன். சிடியைக் கூரியரில் போடாதே, உடைந்துவிடும். காப்பி செய்து மெயிலில் அனுப்பு. டிரைவ் இல்லையென்றால் கரந்தை செல்வத்தின் கடையில் இருக்கும், என் பேரைச் சொல். பையன் பண்டிகை முடிந்ததும் பெங்களூர் போய்விடுவான். அதற்குள் ஒரு பிரதியாவது அச்செடுத்து அவன் கையில் கொடுக்க வேண்டும்.

என் தங்கச்சியிடம் சொல், பொங்கலுக்கு வரும்போது வரமிளகாய் கொண்டுவரச் சொல்லி உத்தரவு போட்டிருக்கிறார்கள் இங்கே. இ-பாஸ் போட மறந்துவிடாதே, மலையேறும் வழியில் செக்போஸ்டில் நிறுத்திவிடுவார்கள்.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை