403 தந்த மூன்று நாள்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. திரை முன்னால் ரொம்ப நேரம் உட்காராதே. இதைக்கூட இரண்டு தவணையாகப் படி.

பதில் தாமதமானதற்கு சர்வர் மாற்றம்தான் காரணம். நாம் இருவரும் ராத்திரி கண்விழித்து நிறுவிய பழைய மெஷினை நிறுத்திவிட்டோம். அதிலிருந்த ஆசிரியர்களின் சொந்தப் பக்கங்களை, முகவரியில் டில்டா (~) போட்டுப் பெயர் வருமே அவற்றை, ரெட் ஹாட் வகை லினக்ஸ் ஓடும் புதிய சர்வருக்கு ஏற்றினோம். ஒன்றுகூடத் திறக்கவில்லை.

முதலில் 404, பக்கமே இல்லை என்ற பதில். அது சுலபம். அந்த வகை லினக்ஸில், பக்கங்களை வழங்கும் வெப் சர்வர் மென்பொருளான அப்பாச்சியில், சொந்தப் பக்கங்களைக் காட்டும் யூசர்டிர் வசதி அணைத்தே வரும். அதை இயக்கி, பப்ளிக்_எச்டிஎம்எல் என்று டைரக்டரி பெயரைக் கொடுத்ததும் 404 போய் 403 வந்தது. எனக்கு அதிலேயே பாதி நிம்மதி: சர்வருக்கு இடம் தெரிந்துவிட்டது, நுழையத்தான் அனுமதி இல்லை.

அன்று மாலை நான் ஊரில் இல்லை. உதவிக்கு இருந்த இளைஞர் எப்படியாவது திறந்துவிட வேண்டுமென்று பப்ளிக்_எச்டிஎம்எல்லுக்கு 777, அதாவது யாரும் படிக்கலாம், எழுதலாம், கடக்கலாம் என்ற அனுமதி, கொடுத்திருக்கிறார். அசையவில்லை. பிறகு ஒவ்வொருவரின் கோப்புகளும் இருக்கும் ஹோம் டைரக்டரிகளுக்கே 777. பக்கம் அப்போதும் திறக்கவில்லை; அதோடு மறுநாள் காலை ஒரு பேராசிரியர் கூப்பிட்டு, தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்எச் சாவி வேலை செய்யவில்லை என்றார். ஹோம் டைரக்டரியில் மற்றவர்களும் எழுதலாம் என்றிருந்தால் எஸ்எஸ்எச் அந்தச் சாவியை நம்பாது. அது சரியான கண்டிப்புதான்.

இளைஞரைப் பக்கத்தில் உட்காரவைத்து நேம்ஐ கட்டளையை மைனஸ் எல் போட்டு ஓட்டிக் காட்டினேன். எல்லா டைரக்டரிகளுக்கும் மேலான ரூட்டிலிருந்து கோப்பு வரை ஒவ்வொரு படியின் அனுமதியையும் அது வரிசையாகக் காட்டும். வழியில் ஒரு டைரக்டரி அப்பாச்சியைக் கடக்க விடாவிட்டாலும், கடைசிக் கோப்பை எவ்வளவு திறந்துவைத்தும் பயனில்லை. இந்த லினக்ஸில் ஹோம் டைரக்டரி 700, அதாவது உரியவருக்கு மட்டும், என்றே உருவாகும். பழைய மெஷினில் மற்றவர்களும் படிக்கவும் கடக்கவும் விடும் 755 இருந்ததால் நாம் இதை யோசித்ததே இல்லை. 711 போதும்; அதில் மற்றவர்களுக்கு எக்ஸ் அனுமதி மட்டும். டைரக்டரிக்கு எக்ஸ் என்றால் கடந்து போகலாம் என்றுதான் பொருள். உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் பார்க்க ஆர், அதாவது படிக்கும் அனுமதி, வேண்டும். அது இல்லாமல் கடக்க மட்டும் விடுகிற இந்த ஏற்பாட்டை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குப் பிடிக்கும். ஹோம் டைரக்டரிக்கு 711, பப்ளிக்_எச்டிஎம்எல்லுக்கு 755, கோப்புகளுக்கு 644 என்று எல்லாவற்றையும் ஒழுங்குக்குக் கொண்டுவந்தோம். சாவி வேலை செய்தது. பக்கம்? மறுபடி 403.

அப்பாச்சியின் பிழைப் பதிவான எரர் லாகில், வழியில் எங்கோ தேடல் அனுமதி இல்லை என்று ஒரு வரி. நேம்ஐயில் எல்லாம் சரி. இந்த முரண்பாட்டைப் பார்த்தால், சாதாரண அனுமதிக்கு மேல் இன்னொரு காவலாக இருக்கும் எஸ்இலினக்ஸைச் சந்தேகப்பட வேண்டும். ஆடிட் லாகில் மறுப்பு பதிவாகியிருந்தது. வெப் சர்வர் பயனர்களின் ஹோம் டைரக்டரிகளுக்குள் போகலாம் என்ற பூலியனை, அதாவது ஆன்-ஆஃப் அமைப்பை, நிரந்தரமாக இயக்கியதும் பக்கங்கள் வரிசையாகத் திறந்தன. எஸ்இலினக்ஸையே அணைத்துவிடு என்று இரண்டு பேர் சொன்னார்கள். நான் இணங்கவில்லை.

ஒருவரின் பக்கத்தில் மட்டும் படங்கள் வரவில்லை. ரூட் என்ற நிர்வாகிப் பயனரின் ஹோம் டைரக்டரியில் பிரித்த பேக்கப்பை எம்வி கட்டளையால் நகர்த்தியிருந்தோம். நகர்த்தினால் எஸ்இலினக்ஸ் பார்க்கும் பழைய லேபிளும் கூடவே வரும். நகலெடுத்திருந்தால் புது இடத்தின் லேபிள் கிடைத்திருக்கும். லேபிளைச் சரியாக்கும் ரெஸ்டோர்கான் கட்டளையை ஓட்டியதும் சரியானது.

டில்டா ஹோம் டைரக்டரியைக் குறிக்க வந்த கதையை உனக்குச் சொல்லியிருக்கிறேனா? 1970களின் ADM-3A என்ற கணினி முனையத்தில் ஹோம் என்ற சொல்லும் டில்டாவும் ஒரே விசையில் இருந்தன. அந்தப் பழக்கம் இன்றும் இந்த முகவரிகளில் ஓடுகிறது. அந்த முகவரிகளை எத்தனை மாணவர்கள் குறித்துவைத்திருப்பார்கள்! ஒன்றும் மாறக் கூடாது என்பதற்காகத்தான் மூன்று நாள் மல்லுக்கட்டினேன்.

அடுத்த மாதம் நீயும் சர்வர் மாற்றப் போவதாக எழுதியிருந்தாய். சிக்கினால் அனுமதியை மாற்றாமல் முதலில் எரர் லாகின் கடைசி வரிகளையும் நேம்ஐ காட்டுவதையும் எனக்கு அனுப்பு. கண் முழுதாகத் தேறிய பிறகு ஆரம்பி.

உன் நண்பன்