இழுப்பு நின்றால் போதுமா?

ஐயா,

பனிக்கால ஆஸ்துமா பற்றிய உங்கள் செய்தியில் தூசி, கொசுவத்திப் புகை எல்லாம் சரியாகவே வந்திருந்தன. ஆனால் ஒவ்வாமையின் இரண்டாம் சுற்று விடுபட்டுவிட்டது. தூசி பட்ட சில நிமிடங்களில் மாஸ்ட் செல்கள் என்ற நோயெதிர்ப்பு அணுக்கள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டுகின்றன, மூச்சு இறுகுகிறது. அதோடு முடிவதில்லை. அவை விடும் வேதிச் சமிக்ஞைகளைப் பின்பற்றி, ரத்தத்தில் இருக்கும் இயோசினோஃபில் என்ற வெள்ளணுக்கள் சில மணி நேரத்தில் மூச்சுக்குழாய்ச் சுவருக்குள் வந்து குவிந்து வீக்கத்தை நீட்டிக்கின்றன. பகலில் தூசி தட்டியவருக்கு ராத்திரி இழுப்பு வருவது இதனால்தான். நீல பம்பில் இருக்கும் சால்பியூட்டமால் மருந்து மூச்சுக்குழாயின் இறுகிய தசையைத் தளர்த்தும், அவ்வளவே. இந்தக் குவிதலைக் குறைப்பது ஸ்டீராய்டு இன்ஹேலர். சால்பியூட்டமாலை மட்டும் நம்பும் சிகிச்சை வேண்டாம் என்று ஆஸ்துமாவுக்கான உலகளாவிய ‘ஜினா’ வழிகாட்டுதல் 2019 முதல் சொல்லி வருகிறது.

மருந்துக்கடையில் நிற்கும் எனக்குத் தெரிந்தது: “அந்த நீல பம்ப் மட்டும் குடுங்க, இன்னொண்ணு அடிச்சா ஒண்ணும் தெரியலை” என்பவர்களே அதிகம். அந்த ‘இன்னொண்ணு’தான் ஸ்டீராய்டு இன்ஹேலர். உடனே தெரியாதுதான், அதன் வேலை அப்படி. எனவே மருத்துவமனைகளில் இன்ஹேலர் தரும்போதே ‘தினமும்’, ‘இழுப்பு வந்தால் மட்டும்’ என்று தமிழில் அச்சிட்ட ஒட்டுச்சீட்டை அதன் மேல் ஒட்டித் தரலாம்.

— மருந்தாளுநர் ஒருவர், கும்பகோணம்